சொந்தமாக விக்கி தளம்: ஷேர்டு ஹோஸ்டிங் போதுமா, வி.பி.எஸ். வேண்டுமா?

சுத்தியல் கேட்டது:

வணக்கம். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து கைத்தொழில் கருவிகளின் பெயர்களைப் படத்தோடு தொகுத்து வருகிறோம். தச்சு, நெசவு, மீன்பிடி என்று 400 பக்கம் சேர்ந்துவிட்டது. எல்லாம் கூகுள் டாக்ஸில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறது, ஒருவர் திருத்தியது இன்னொருவருக்குத் தெரிவதே இல்லை. அதனால் ஒரு விக்கி போடலாம் என்று முடிவு. எனக்கு லினக்ஸ் கட்டளை ஓரளவு தெரியும், ஆனால் சர்வரைத் தனியாக நிர்வகித்ததில்லை. ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது பலர் பகிரும் சர்வரில், ஓட்டிவிடலாமா, இல்லை நமக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர் (வி.பி.எஸ்.) வேண்டுமா? விக்கி மென்பொருளில் டோக்குவிக்கியா மீடியாவிக்கியா? தேடினால் வரும் கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன.

கரையான்:

எட்டுப் பேர், 400 பக்கம் எல்லாம் ஒரு சுமையே இல்லை. டோக்குவிக்கி போடுங்கள். டேட்டாபேஸ் கிடையாது, ஒவ்வொரு பக்கமும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு, மொத்த ஃபோல்டரையும் நகலெடுத்தால் அதுதான் பேக்கப். ஷேர்டு ஹோஸ்டிங்கே தாராளம். ஆனால் தமிழில் தலைப்பு வைப்பவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கோப்புப் பெயரை எப்படிச் சேமிப்பது என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அது இயல்பாக யு.ஆர்.எல். முறையில், அதாவது இணைய முகவரியில் வருவது போல % குறிகளாக இருக்கும். அந்த முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 9 இடத்தைத் தின்றுவிடும், 'மீ' என்றால் ம-வுக்கு 9, மேலே உள்ள விலங்குச் சுழிக்கு 9. 'மீன்பிடி வலைகளின் வகைகள்' என்ற சாதாரணத் தலைப்புக்கே 200 போய்விடும், லினக்ஸில் கோப்புப் பெயருக்கு உச்சவரம்பு 255. ஆகவே முதல் நாளே அதை யு.டி.எஃப்-8 (தமிழ் எழுத்தை அப்படியே சேமிக்கும் முறை) என்று மாற்றிவிடுங்கள். பக்கங்கள் எழுதிய பிறகு மாற்றினால் பழைய பக்கங்களை அது கண்டுபிடிக்காது. இன்னொன்று, ஒவ்வொரு திருத்தமும் தனிக் கோப்பாகச் சேரும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் இடம் மிச்சமிருந்தும் கோப்பு எண்ணிக்கை வரம்பில் முட்டிக்கொண்டு நிற்பது அப்படித்தான்.

நடுநிசி:

கரையான் சொன்னது சரிதான், ஆனால் இவர்கள் வேலைக்கு டோக்குவிக்கி பொருந்தாது. கருவிப் பெயர் என்றால் ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் நாலு பெயர் இருக்கும். எந்தப் பெயரைத் தேடினாலும் ஒரே பக்கத்துக்குப் போக வேண்டும், அதாவது வழிமாற்று. மீடியாவிக்கியில் அது ஒரு வரி வேலை. டோக்குவிக்கியில் அதற்கென்று பிளகின் தேட வேண்டும். அப்புறம் எல்லாப் பக்கத்திலும் 'படம், தொழில், வேறு பெயர்கள்' என்று ஒரே மாதிரிப் பெட்டி வேண்டும் அல்லவா, அதற்கு வார்ப்புரு, ஒருமுறை எழுதி எல்லாப் பக்கத்திலும் பயன்படுத்தும் அச்சு. தலைப்பு நீளத்துக்கு அங்கேயும் 255 பைட்டு வரம்பு உண்டு, ஆனால் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட்டுதான், 85 குறியீடு வரை போகலாம்.

அதனால் சின்ன வி.பி.எஸ். எடுங்கள். 1 ஜிபி ராமில் ஓடும், பெரிய படங்களைச் சுருக்கும்போது மூச்சு வாங்கும், 2 ஜிபி இருந்தால் நிம்மதி. மீடியாவிக்கிப் பதிப்பு எடுக்கும்போது நீண்டகால ஆதரவுப் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். 1.43 அப்படிப்பட்டது, 2024 டிசம்பரில் வந்தது, மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். மற்றப் பதிப்புகளுக்கு ஒரு வருடம்தான். நீங்கள் படித்த கட்டுரைகள் முரண்படுவதற்குக் காரணமும் பதிப்புதான். விக்கிக் குறியீடு தெரியாமலே திருத்த உதவும் விஷுவல் எடிட்டருக்குத் தனியாக ஒரு நோட் (Node.js) சேவையை நிறுவச் சொல்லும் கட்டுரை எதுவானாலும் மூடிவிடுங்கள், 1.35-லிருந்து அது உள்ளேயே வருகிறது.

தமிழுக்கென்று ஒன்று சொல்ல மறந்தேன். பகுப்புப் பட்டியல் (ஒரே வகைப் பக்கங்களின் பட்டியல்) இயல்பாக யூனிகோடு எண் வரிசையில் வரும், 'படகு' முன்னால், 'பட்டறை' பின்னால். அகராதி பார்த்துப் பழகியவருக்கு அது உறுத்தும். மீடியாவிக்கி எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி-யில், மொழிவாரி வரிசைக்கான இன்ட்டில் (intl) நீட்சியைப் போட்டுவிட்டு, பகுப்பு வரிசைமுறையைத் தமிழுக்கு மாற்றி, அதற்கான பராமரிப்பு ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்டுங்கள். ஷேர்டு ஹோஸ்டிங்கில் இந்த நீட்சி கேட்டால் தருவார்களா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

பழுப்புக்காகிதம்:

நீங்கள் இரண்டு பேரும் சொல்லாததை நான் சொல்கிறேன், பட்டதால். நான் நடத்திய விக்கிக்குத் தினமும் ஸ்னாப்ஷாட் (சர்வரின் முழு நகல்) எடுத்தேன், அதே நிறுவனத்தில், அதே கணக்கில். பணம் கட்டும் அட்டை காலாவதியானது, நினைவூட்டல் அஞ்சல்கள் ஸ்பாமில் விழுந்தன, ஒருநாள் கணக்கை மூடிவிட்டார்கள். சர்வரும் போச்சு, ஸ்னாப்ஷாட்டும் போச்சு. தப்பு என்னுடையதுதான். டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்), படங்கள் ஃபோல்டர், விக்கியின் அமைப்புகள் உள்ள லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு, இந்த மூன்றும் இரவுக்கு இரவு வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். டொமைனும் வேறு நிறுவனத்தில் இருக்கட்டும், குழுவில் இரண்டு பேரிடமாவது அதன் கடவுச்சொல் இருக்கட்டும்.

அப்புறம் பாட்கள் (bots), அதாவது தானாக வந்து பக்கங்களைத் திறக்கும் நிரல்கள். மனிதர்கள் பத்துப் பேர் வரும் விக்கிக்கும் ஏ.ஐ. கிராலர்கள் கூட்டமாக வந்து, ஒவ்வொரு பழைய திருத்தத்தையும் ஒப்பீட்டுப் பக்கத்தையும் திறந்து பார்க்கும். அந்தப் பக்கங்கள் கேச்சில் (தயாராக வைத்த நகலில்) இருக்காது, சர்வர் ஒவ்வொன்றையும் புதிதாகச் சமைக்க வேண்டும். பக்க முகவரிக்கு ஒரு பாதை, ஸ்கிரிப்டுக்கு வேறு பாதை என்று தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால், பாட்கள் எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் இரண்டாவதை ஒரே வரியில் தடுக்கலாம். அதை மதிக்காதவற்றை வெப் சர்வரிலேயே வடிகட்டலாம்.

சுத்தியல்:

வழிமாற்று விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அதிலேயே முடிவாகிவிட்டது. மீடியாவிக்கி, 2 ஜிபி வி.பி.எஸ். நேற்றிரவே நிறுவினேன், தளம் வருகிறது, எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழும் சரி. ஆனால் கடவுச்சொல் மீட்பு அஞ்சல் யாருக்கும் போகவில்லை. லாகில் பிழை எதுவும் இல்லையே?

நடுநிசி:

போகாது. ஸ்பாமுக்குப் பயந்து வி.பி.எஸ். நிறுவனங்கள் பல, அஞ்சல் நேரடியாக வெளியேறும் 25-ஆம் போர்ட்டை மூடியே வைத்திருக்கும். அஞ்சல் சேவை ஒன்றில் கணக்கு எடுத்து, 587-ஆம் போர்ட் வழியாக அனுப்பும்படி எஸ்.எம்.டி.பி. (அஞ்சல் அனுப்பும்) அமைப்பைப் போடுங்கள். டொமைனில், அஞ்சல் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளையும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் போன அஞ்சலும் ஸ்பாமில்தான் கிடக்கும். கணக்கு உருவாக்குவதை இப்போதே பூட்டிவிட்டீர்களா? திறந்து வைத்தால் நாளைக் காலையில் 400 பக்கம் 4,000 ஆகியிருக்கும், அதில் கருவி எதுவும் இருக்காது.

சுத்தியல்:

ஐயோ, பூட்டவில்லை. இதோ போகிறேன்.