வீடு கைமாறுவதற்கு முன் ஒரு படம்

குழு: அருப்புக்கோட்டை வீடு

மார்கழி 12, சனிக்கிழமை

ராஜு பெரியப்பா: பத்திரப் பதிவு தை மாதம் என்று முடிவாகிவிட்டது. சாவியைக் கொடுப்பதற்கு முன் எல்லோரும் ஒருமுறை அந்த வீட்டில் சேர வேண்டும். பொங்கலுக்கு யார் யார் வருகிறீர்கள்? இன்றே சொல்லுங்கள்.

மீனா அத்தை: நாங்கள் 4 பேர் அண்ணே.

விஜி: நாங்கள் 5. குட்டியையும் சேர்த்து.

முத்து மாமா: காலை வணக்கம் 🙏

கார்த்தி (துபாய்): லீவு கேட்டிருக்கிறேன் பெரியப்பா. புதன்கிழமை தெரிந்துவிடும்.

சரவணன்: பெரியப்பா, ஒரு வேண்டுகோள். வாசலில் எல்லோரையும் வைத்து ஒரு படம் எடுக்கலாமா? 1961-ல் தாத்தா எடுத்த மாதிரியே. கேமரா கிட்டத்தட்ட தயார்.

விஜி: எந்தக் கேமரா தம்பி?

சரவணன்: நானே செய்தது அக்கா. 8×10 அங்குல ஃபிலிம் போடுகிற பெரிய கேமரா. ஒன்றரை வருட வேலை.

கார்த்தி: அண்ணே, என் போனே 48 மெகாபிக்சல்.

சரவணன்: போனிலும் எடுப்போம்டா. ஆனால் இதில் நெகட்டிவே 8×10 அங்குலம். பெரிதாக்கவே தேவையில்லை. பேப்பர்மேல் நெகட்டிவை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, விளக்கு போட்டால் அதே அளவில் படம் வந்துவிடும். 1961 படத்தில் அப்பத்தா சேலைக் கரையின் கட்டத்தை இன்றும் எண்ணலாம் இல்லையா? அதற்குக் காரணம் அந்தப் பெரிய கண்ணாடி நெகட்டிவ்தான்.

பாலு சித்தப்பா: அந்தப் படத்தில் எனக்கு 2 தலை.

மீனா அத்தை: நீ ஆடினாய். அப்பா ஆடாதே ஆடாதே என்று கத்தியும் கேட்கவில்லை. 64 வருஷமாக அந்தப் படம் சுவரில் தொங்குகிறது.

பாலு சித்தப்பா: எனக்கு 4 வயசு அக்கா.

ராஜு பெரியப்பா: பெரிய கேமரா என்றதும் சொல்லத் தோன்றுகிறது. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனிப் படை அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, 21 துண்டுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அதுவும் காகித நெகட்டிவில். மதுரையையும் எடுத்திருக்கிறார். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

விஜி: அப்பா, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள் முதலில்.

முத்து மாமா: 19 அடி 👍

பாலு சித்தப்பா: சரவணா, மரம் எங்கே வாங்கினாய்? தேக்கா?

சரவணன்: தேக்கு சித்தப்பா. வீட்டு மரம்தான்.

பாலு சித்தப்பா: வீட்டு மரம் என்றால்?

சரவணன்: ஊஞ்சல் பலகை.

பாலு சித்தப்பா: எந்த ஊஞ்சல்

பாலு சித்தப்பா: நடு ஹால் ஊஞ்சலா?

சரவணன்: ஆமாம் சித்தப்பா. ஒரு பக்கம் கரையான் அரித்து, இரண்டு அடிக்கு மேல் பொடியாகிவிட்டது. நல்ல பக்கத்தை மட்டும் ஆசாரி வெட்டிக் கொடுத்தார். முன் சட்டம், பின் சட்டம், நடுவில் ஓடுகிற தண்டவாளம் எல்லாம் அதில்தான். 60, 70 வருஷம் காய்ந்த தேக்கு. மழையிலும் வெயிலிலும் முறுக்காது. புதுத் தேக்கு வாங்கியிருந்தால் சட்டம் கோணிக்கொண்டு உயிரை வாங்கியிருக்கும். பித்தளைச் சங்கிலியும் மீதிப் பலகையும் ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருக்கின்றன.

பாலு சித்தப்பா: ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மதினிக்குத் தெரியுமா?

சரவணன் அம்மா: எனக்குத் தெரியும் தம்பி. நான்தான் எடுத்துக்கொள் என்றேன். கரையான் தின்பதற்குப் பிள்ளை உபயோகப்படுத்தட்டும் என்று நினைத்தேன்.

பாலு சித்தப்பா: சின்னப் பிள்ளையில் நான் தூங்கின இடம் அது.

மீனா அத்தை: அப்பா கேமராவை நீ விற்றபோது யாரிடம் கேட்டாய் பாலு?

விஜி: அத்தை வேண்டாம்

முத்து மாமா: மீனா

பாலு சித்தப்பா: கேட்கவில்லை. அப்போது மெட்ராஸில் வீட்டு வாடகைக்கு வழியில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

மார்கழி 13, ஞாயிறு

சரவணன் அம்மா: கரும்பு 10 கட்டு சொல்லியாகிவிட்டது. பாய், தலையணை போதாது. திருச்சியிலிருந்து வருகிறவர்கள் போர்வை கொண்டுவரவும்.

மீனா அத்தை: சரி மதினி.

விஜி: தம்பி, லென்ஸ் எங்கே கிடைத்தது?

சரவணன்: சிவகாசி அக்கா. ஆப்செட் அச்சகங்களில் முன்பெல்லாம் அச்சடிக்க வேண்டியதைப் படம் எடுக்க ஓர் அறை அளவுக்கு பிராசஸ் கேமரா இருக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகு எல்லாம் எடைக்குப் போய்விட்டன. பழைய இரும்புக் கடையில் அப்படி ஒன்றிலிருந்து கழற்றிய 480 மி.மீ. லென்ஸ் கிடந்தது. ஓரம்வரை கத்தி மாதிரி வரைகிற லென்ஸ். ஆனால் அதில் ஷட்டர் கிடையாது. அச்சகத்தில் விளக்கைப் போட்டு அணைப்பார்கள், அவ்வளவுதான். நமக்கு மூடியைத் திறந்து மூடுவதுதான் ஷட்டர். தாத்தாவும் அப்படித்தானே எடுத்தார்.

ராஜு பெரியப்பா: ஆமாம். மூடியைக் கழற்றி ஒரு வட்டம் சுற்றுவார். 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று வாய்க்குள் எண்ணுவார். படம் எடுக்க வந்தவர்கள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

கார்த்தி: ஃபிலிம் இன்னும் கிடைக்கிறதா?

சரவணன்: எக்ஸ்ரே ஃபிலிம்டா. 8×10 அங்குலத்திலேயே 100 தாள் பெட்டியாக வருகிறது. ஃபோட்டோ ஃபிலிமின் விலைக்கு மிகக் குறைவு. இரண்டு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் நகம் பட்டாலே கீறல் விழும். தட்டின் அடியில் கண்ணாடி போட்டு, ஒவ்வொரு தாளாகத்தான் டெவலப் செய்கிறேன். ஒரு வசதி, சிவப்பு விளக்கில் கழுவலாம். படம் மேலே எழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு பெட்டி வீணாக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

ராஜு பெரியப்பா: படம் போட அப்பா ஊட்டி ஃபிலிம் தொழிற்சாலையின் 'இந்து' போட்டோ பேப்பர்தான் வாங்குவார். மஞ்சள் மாலையில் டார்க் ரூம் கதவைத் திறந்தால் படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாசனை தெருவரைக்கும் வரும்.

சரவணன்: அந்த ஃபிலிமில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பெண்கள் எல்லோரும் கவனியுங்கள். இதற்குப் பச்சை, நீலம் தெரியும், சிவப்பு தெரியாது. சிவப்பு விளக்கில் கழுவ முடிவதும் அதனால்தான். ஆகவே அரக்குச் சேலை கறுப்பாக விழும். குங்குமம் கறுப்புப் பொட்டாகத் தெரியும். உதடும் கொஞ்சம் கறுக்கும். வெளிர் நீலச் சேலை வெள்ளை மாதிரி வரும்.

மீனா அத்தை: என்னப்பா இது. நான் பொங்கலுக்கு அரக்கில் பட்டு எடுத்துவிட்டேன்.

விஜி: நான் வெளிர் நீலம்

மீனா அத்தை: பொங்கல் அதுவுமாக வெள்ளைச் சேலை கட்டின மாதிரி படத்தில் விழுவதா? வேண்டாம் விஜி. மாற்று.

விஜி: என்ன நிறம்தான் கட்டுவது?

சரவணன்: பச்சை நன்றாக வரும் அக்கா. ஜரிகை மின்னும். மாம்பழ மஞ்சள் நடுத்தரமாக விழும்.

சரவணன் அம்மா: அப்பத்தா கேட்கிறார்கள், என் வெள்ளைச் சேலை எப்படி விழும் என்று.

சரவணன்: வெள்ளையாகவே விழும் என்று சொல்லுங்கள் அம்மா. 1961-ல் கட்டியிருந்த கட்டம் போட்ட சுங்குடி இன்னும் பெட்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சரவணன் அம்மா: இருக்கிறதாம். கிழிந்திருக்குமாம். கட்டமாட்டாராம். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார்.

மார்கழி 20, ஞாயிறு

சரவணன்: (படம்)
சரவணன்: (படம்)
சரவணன்: முதல் சோதனைப் படம். பக்கத்து வீட்டுப் பாப்பாவைக் கதவுக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தேன்.

விஜி: பாப்பா முகம் மங்கலாக இருக்கிறதே. பின்னால் கதவுக் குமிழ்கள் பளிச்சென்று இருக்கின்றன.

சரவணன்: அதைத்தான் 2 நாள் தேடினேன் அக்கா. பின்னால் படம் விழுகிற மங்கல் கண்ணாடியை நானே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துச் செய்தேன். தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். நான் வெளிப்பக்கம் வைத்து மாட்டிவிட்டேன். கண்ணாடி 3 மி.மீ. தடிமன். அதனால் நான் கூர்மை பார்த்த இடத்துக்கும் ஃபிலிம் உட்கார்கிற இடத்துக்கும் சுமார் 2 மி.மீ. வித்தியாசம். இங்கே 2 மி.மீ. தப்பினால், 5 மீட்டர் தள்ளி நிற்கிற ஆளிடம் ஒரு சாண் தப்புகிறது. கண்ணாடியைத் திருப்பி மாட்டி, ஃபிலிம் சட்டத்தின் ஆழம் 6.6 மி.மீ. என்று வெர்னியர் வைத்து நாலு மூலையிலும் அளந்தேன். இப்போது சரியாக இருக்கிறது.

முத்து மாமா: 👏👏

பாலு சித்தப்பா: படத்தில் மேலே வலது மூலையில் வெள்ளையாகப் புகை மாதிரி?

சரவணன்: நல்ல கண் சித்தப்பா. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் இருக்கிற மடிப்புத் துருத்தியில் ஓட்டை. ராத்திரி உள்ளே போன் டார்ச்சைப் போட்டு மூடிவிட்டு வெளியிலிருந்து பார்த்தேன். மடிப்பு மூலைகளில் 3 நட்சத்திரம். குடைத்துணியில் செய்த முதல் துருத்தி வானம் மாதிரியே இருந்தது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இது ஒளி புகாத திரைத்துணி. ஓட்டைகளைக் கறுப்புப் பெயின்டும் துண்டுத் துணியும் வைத்து அடைத்தாகிவிட்டது.

பாலு சித்தப்பா: அப்பா துருத்திக்கு விளக்குக் கரியும் கோந்தும் குழைத்துத் தடவுவார். நான் கூட இருந்து பிடித்துக்கொள்வேன்.

கார்த்தி: லீவு கிடைத்துவிட்டது!! ஜனவரி 14-ம் தேதி மதுரையில் இறங்குகிறேன்.

விஜி: அப்படியானால் 31 பேர்.

சரவணன்: 31 பேர் என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. 3 வரிசை வைத்தாலும் 5 மீட்டர் அகலம் வரும். 480 லென்ஸுக்கு அது முழுதாக விழ வேண்டுமானால் கேமரா 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நம் வாசலில் இருந்து 10 மீட்டர் என்றால் தெருவைத் தாண்டி எதிர் வீட்டுத் திண்ணை.

மீனா அத்தை: எதிர் வீடா

விஜி: ஐயோ

சரவணன் அம்மா: சாக்கடைத் தகராறுக்குப் பிறகு அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே நம்மைக் கூப்பிடவில்லை.

ராஜு பெரியப்பா: 11 வருஷம் ஆகிறது.

பாலு சித்தப்பா: சின்ன லென்ஸ் கிடையாதா?

சரவணன்: 300 மி.மீ. இருந்தால் 6 மீட்டர் போதும், தெருவிலேயே நிற்கலாம். ஆனால் என்னிடம் இருப்பது இது ஒன்றுதான் சித்தப்பா.

மீனா அத்தை: வீட்டையே கொடுத்துவிட்டுப் போகிறோம். இனி என்ன சாக்கடை. பெரிய அண்ணன் போய்க் கேட்கட்டும்.

ராஜு பெரியப்பா: பார்க்கிறேன்.

விஜி: அப்பா 'பார்க்கிறேன்' என்றால்?

ராஜு பெரியப்பா: பார்க்கிறேன் என்றால் பார்க்கிறேன் அம்மா.

மார்கழி 24, வியாழன்

சரவணன்: நாள், நேரம். நம் வீடு மேற்குப் பார்த்தது. காலையில் வாசல் முழுக்க நிழல், முகத்தில் வெயில் குத்தாது. ஏழரை மணி வாக்கில் எஃப் 45 வைத்தால் 2 விநாடி. அவ்வளவு சின்னத் துளை வைத்தால்தான் மூன்று வரிசையும் கூர்மையாக விழும். அந்த 2 விநாடியும் யாரும் அசையக் கூடாது. கண் சிமிட்டினால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. தலை மட்டும் அசையக் கூடாது. குழந்தைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4 தாள் எடுப்பேன். காணும் பொங்கலன்று வைத்துக்கொள்ளலாமா?

மீனா அத்தை: அது கரிநாள். வேண்டவே வேண்டாம்.

விஜி: பொங்கலன்று காலையில் பானை வைக்க வேண்டும். ஏழரைக்கு எப்படி?

கார்த்தி: மாட்டுப் பொங்கல்?

மீனா அத்தை: பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறேன்.

முத்து மாமா: மாட்டுப் பொங்கலன்று நாங்கள் மதியமே கிளம்ப வேண்டும்

விஜி: படம் காலையில்தானே மாமா

பாலு சித்தப்பா: சரவணா, உன் லென்ஸுக்கு மூடி இருக்கிறதா?

சரவணன்: இல்லை சித்தப்பா. அட்டையில் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். எடுக்கும்போது கேமரா லேசாக ஆடுகிறது. சர்வே முக்காலி கனம்தான், இருந்தாலும் ஆடுகிறது.

பாலு சித்தப்பா: (படம்)

பாலு சித்தப்பா: அப்பா கேமராவோடு இருந்தது. விற்கும்போது இதை மட்டும் கொடுக்கவில்லை. பித்தளை. உள்ளே பச்சை வெல்வெட் ஒட்டியிருக்கிறது, பாதி தேய்ந்துவிட்டது.

ராஜு பெரியப்பா: பாலு.

சரவணன் அம்மா: போனை அப்பத்தாவிடம் காட்டினேன். பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சரவணன்: சித்தப்பா, உள் விட்டம் அளந்து சொல்லுங்கள். என் லென்ஸின் முகப்பு 70 மி.மீ.

பாலு சித்தப்பா: 74. இல்லை 75. ஸ்கேல் பழையது, கோடு சரியாகத் தெரியவில்லை.

சரவணன்: புது வெல்வெட் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் தளர்வாக இருந்தால் இன்னும் நல்லது, இழுக்கும்போது கேமரா ஆடாது. முதல் நாளே கொண்டுவாருங்கள். படம் எடுக்கும்போது நீங்களே திறந்து மூடுகிறீர்களா?

பாலு சித்தப்பா: நானா? அப்புறம் படத்தில் நான் எப்படி இருப்பேன்?

மீனா அத்தை: 4 தாள் எடுக்கிறானே. இரண்டில் நீ நில், இரண்டில் நீ திற.

விஜி: எந்தப் படம் ஃபிரேம் போடுவது அப்போது?

மீனா அத்தை: அதற்குள் நெகட்டிவ் யாரிடம் இருக்கும் என்று முடிவு பண்ணுங்கள்.

கார்த்தி: ஸ்கேன் பண்ணி எல்லோருக்கும் அனுப்பலாம் அத்தை.

மீனா அத்தை: ஸ்கேன் வேறு, நெகட்டிவ் வேறு.

சரவணன்: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரிண்ட் நானே போட்டுத் தருகிறேன் அத்தை. நெகட்டிவ் அப்பத்தாவிடம் இருக்கட்டும்.

சரவணன் அம்மா: அப்பத்தா கேட்கிறார், கதவு நிலைமேல் இருக்கிற பழைய நம்பர் தகடு படத்தில் விழுமா என்று.

சரவணன்: விழும். எழுத்துவரைக்கும் தெரியும். யாரும் அதன் முன்னால் நிற்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

முத்து மாமா: அந்தத் தகடு வீடு வாங்குகிறவருக்கா நமக்கா?

மீனா அத்தை: நமக்குத்தான். நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாலு சித்தப்பா: ஏன் அக்கா நீங்கள்?

ராஜு பெரியப்பா: நேரில் பேசலாம். எதிர் வீட்டுக்கு நாளை சாயங்காலம் போகிறேன். சரவணா, நீயும் கூட வா.

சரவணன்: வருகிறேன் பெரியப்பா. மங்கல் கண்ணாடியை எடுத்து வரட்டுமா? அவர்கள் திண்ணையில் வைத்துப் பார்த்தால் நம் வீடு தலைகீழாகத் தெரியும். அவர்களும் பார்க்கட்டும்.

ராஜு பெரியப்பா: கண்ணாடி மட்டும் போதுமா?

சரவணன்: போதாது. கேமராவோடு வருகிறேன். அம்மா, கேரியரில் முக்காலி கட்ட ஒரு கயிறு எடுத்து வையுங்கள்.