ஃபில்டர்: வடிப்பானா, சாயலா, வேடமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிப்படங்களுக்குப் போடும் ‘ஃபில்டர்’ என்பதற்கும் ‘வடிப்பான்’ என்றே எழுதிவிடலாம் எனத் தமிழ்ச்சொற்களைத் தேடும் இவ்விழையில் இருவர் கூறியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. மின்னஞ்சல்களை வகைபிரிக்கும் வசதிக்கு அச்சொல் நன்றாகவே பொருந்துகிறது. அங்கே சில தடுக்கப்பட்டுச் சில கடந்து செல்கின்றன.

படக்கலையிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுக்கும்போது வானம் வெளிறிவிடாமலிருக்க லென்சின் முன் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியைத் திருகி மாட்டுவார்கள். அது நீல ஒளியை விழுங்கிவிடுவதால் வானம் கருத்து, மேகங்கள் எடுப்பாகத் தெரியும். அப்படியொரு மஞ்சள் கண்ணாடி என்னிடம் இன்னும் இருக்கிறது, மரை தேய்ந்து எந்த லென்சிலும் நிற்காமல். அதை வடிப்பான் என்பதில் பிழையே இல்லை.

2010இல் வெளிவந்த இன்ஸ்டாகிராம் பரப்பிய ஃபில்டர்கள் செய்யும் வேலை வேறு. அவை ஏற்கெனவே பதிவான படத்தின் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் மாற்றி, சிலவற்றில் ஓரங்களையும் இருட்டாக்கிப் பழைய படச்சுருளின் தோற்றத்தைத் தருகின்றன. அவற்றுள் ஒன்றான ‘எக்ஸ்-ப்ரோ 2’ என்பதன் பெயரே, ஸ்லைடு சுருளை அதற்குரியதல்லாத இரசாயனத்தில் கழுவும் பழைய முறையை நினைவூட்டுவது. இங்கே எதுவும் வடிக்கப்படவில்லை, ஏற்றப்படுகிறது. நம் மக்களின் வினைச்சொல்லே இதற்குச் சான்று: “எந்த ஃபில்டர் போட்ட?” என்றுதான் கேட்கிறார்களே தவிர, எதால் வடிகட்டினாய் என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே இதற்குச் ‘சாயல்’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். நிறத்தையும் ஒப்புமையையும் ஒருங்கே குறிக்கும் சொல் அது. நிறவியலில் அதற்கு வேறு பயன்பாடு உண்டு என்போர் ‘படச்சாயல்’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

முகத்தை மாற்றும் ஃபில்டர்களை இதே சொல்லில் அடைப்பது சரியன்று. ஸ்னாப்சாட் நிறுவனம் 2015இல் இவ்வசதியைக் கொண்டுவந்தபோது ‘லென்ஸ்’ என்று தனிப்பெயர் சூட்டியது. பயனர்கள்தாம் எல்லாவற்றையும் ஃபில்டர் என்றே அழைத்தனர். நாய்க்காது முளைப்பதும், தோல் வெளுப்பதும், தாடை ஒடுங்குவதும் இவ்வகையில் அடங்கும். ‘அரிதாரம்’ என்று ஒரு நண்பர் பரிந்துரைத்தது அழகான சொல்லே, ஆயினும் அது பூச்சை மட்டுமே குறிப்பதால் நாய்க்காதுக்கு ஆகாது. ‘வேடம்’ இரண்டையும் தாங்கும். ‘போடு’ என்ற வினையும் அதனுடன் இயல்பாகச் சேரும். அதில் ஏமாற்றின் வாடை அடிக்கிறது என்ற மறுப்பு வரக்கூடும். 2023இல் டிக்டாக்கில் பரவிய ‘போல்ட் கிளாமர்’ என்னும் முக ஒப்பனை ஃபில்டர், முகத்தின் குறுக்கே கையை ஆட்டினாலும் கலையாமல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாடை மிகையாகத் தோன்றாது.

படத்தை மங்கலாக்கவும் அதில் தெறிக்கும் தேவையற்ற புள்ளிகளான இரைச்சலைக் குறைக்கவும் பயன்படும் கணிதக் கருவிகளுக்கு ‘வடிப்பான்’ அப்படியே இருக்கட்டும். அங்கே அது, ஒலி, படம் போன்ற சமிக்ஞைகளை ஆராயும் சமிக்ஞையியலிலிருந்து முறையாக வந்த சொல்.

எஞ்சுவது ‘நோ ஃபில்டர்’ என்னும் ஹேஷ்டேக். சாயலும் இல்லை, வேடமும் இல்லை என்று இரண்டையும் ஒரே சொல்லில் மறுக்க வேண்டியிருப்பதால் அதை மொழிபெயர்க்க முயலாமல் ‘உள்ளபடி’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. “இன்று காலை மெரினா, உள்ளபடி” என்று ஒருவர் எழுதினால் உங்களுக்கு விளங்குகிறதா என்று தெரிவியுங்கள்.