அட்வான்ஸுக்கும் பத்திரப்பதிவுக்கும் இடையில்: தரகர்களின் அனுபவங்கள்

ஆனையூர் உறுப்பினர்:

பதினாறு ஆண்டுகளாக மதுரையில் வீடு, மனைத் தரகு செய்து வருகிறேன். சென்ற ஆண்டு ஆனையூர்ப் பக்கம் மூன்று சென்ட்டில் இருந்த ஒரு மாடி வீட்டை 58 லட்சத்துக்குப் பேசி முடித்து, இரண்டு லட்சம் அட்வான்ஸும் கைமாறிய பிறகுதான் எனக்கு உண்மையான வேலையே தொடங்கியது. வாங்குபவர் மாதச் சம்பளக்காரர். “வங்கி 80 சதவீதம் கொடுக்கும்” என்று அவரிடம் சொன்னவன் நான்தான். கடனாக 46 லட்சத்துச் சொச்சம் வந்துவிடும், மீதிக்குக் கையிருப்பான 12 லட்சம் போதும், பத்திரச் செலவை மாமனார் பார்த்துக்கொள்வார் என்று அவரும் கணக்குப் போட்டுக்கொண்டார்.

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் ஒரு மதிய வேளையில் வந்தார். டேப்பைப் பிடித்துக் கீழ்த்தளத்தை அளந்தார், மாடிப்படி ஏறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கினார், கட்டட வரைபடத்தை ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் ஹெல்மெட்டை அதன் ஓரத்தில் வைத்துக்கொண்டு, “அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும்தானே இருக்கிறது?” என்று கேட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மாடியை மதிப்பில் சேர்க்காமல் 50 லட்சம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் 80 சதவீதம் 40 லட்சம். ஒரே நாளில் 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்குப் பள்ளம் விழுந்தது. அந்த வரைபடம் ஒரு மாதமாக என் பையில்தான் கிடந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் பகிருங்கள்.

வங்கியில் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் (கே.கே. நகர்):

ஆனையூர் ஐயாவுக்கு வணக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 80 சதவீதம் என்பது எல்லாக் கடனுக்கும் பொதுவான விகிதம் அன்று. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம் என்பதே உச்ச வரம்பு. அந்த விகிதமும் நீங்கள் பேசிய விலைக்கு அல்லாமல், வங்கி ஏற்றுக்கொள்ளும் மதிப்புக்கே பொருந்தும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் அவை முறையே 7, 2 சதவீதம் ஆகும்போது, 58 லட்சத்துக்குப் பத்திரம் எழுதினால் 5 லட்சத்து 22 ஆயிரம் தனியாகக் கையில் இருந்தாக வேண்டும். மாமனாரை நம்பிக் கணக்குப் போட்ட பலர் கடைசி வாரத்தில் எங்கள் வங்கிக்கே தனிநபர் கடன் கேட்டு வந்திருக்கிறார்கள்.

இதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. ஒன்பது சதவீத வட்டியில் இருபது ஆண்டுக் கடனுக்கு லட்சத்துக்கு ஏறக்குறைய 900 ரூபாய் மாதத் தவணை வரும். 40 லட்சத்துக்கு 36,000. வாங்குபவருக்கு ஏற்கெனவே பைக் லோன், நகைக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி என்று இருந்தால் அவற்றின் தவணை எல்லாம் சம்பளத்தில் கழிந்த பிறகே வங்கி இந்தத் தொகையை எடைபோடும். ஆகவே முதல் வீட்டைக் காட்டும் முன்பே பார்ட்டியைச் சம்பளச் சீட்டோடு வங்கிக்கு அனுப்பி, எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். கிரய ஒப்பந்தத்தில், கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியையும் எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸ் காசோலையாகவோ வங்கி வழியாகவோ போகட்டும். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு.

திருநகர் உறுப்பினர்:

எனக்கு நேர்ந்தது, சொத்தின் மேல் பதிவான விற்பனை, கடன் விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழில். விற்பவர் 2014-லேயே வீட்டுக் கடனை அடைத்து, மூலப்பத்திரத்தை வாங்கி வந்து பீரோவில் பூட்டி வைத்துவிட்டார். பத்திரம் கைக்கு வந்துவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன். வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் வில்லங்கத்தை வரிவரியாகப் படித்துவிட்டு, கடனுக்காக உரிமை ஆவணங்களை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான பதிவு அப்படியே நிற்கிறதே, கடன் தீர்ந்தது என்று அதை நீக்கும் ரசீது ஆவணம் எங்கே என்று கேட்டார். ரசீது ஆவணத்தைப் பதிய, கடன் கொடுத்த வங்கியின் அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டும். அந்தக் கிளையிலோ முடித்துவைத்த பழைய கணக்கைத் தேடி எடுக்கவே மூன்று வாரம் ஆனது. வைகாசியில் பேசிய வியாபாரம் ஆனியைக் கடந்து ஆடியில் போய் நின்றது. ஆடியில் பத்திரம் பதிய வாங்குபவர் வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை.

இப்போது கடனை அடைப்பவர்களுக்கு நிலைமை பரவாயில்லை. 2023 டிசம்பர் முதல், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கி ஆவணங்களைத் திருப்பித் தந்து, சொத்தின் மேல் பதிவான கடன் பொறுப்பையும் நீக்க வேண்டும். தன் தவற்றால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். பழைய கணக்குகளுக்கு நாம்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

நாகமலைப்புதுக்கோட்டை உறுப்பினர்:

என் கதை சிறியது. தந்தை உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் சொந்தமாகச் சம்பாதித்த வீட்டை அண்ணன் தம்பி இருவரும் விற்க வந்தார்கள். தங்கை கையெழுத்தும் வேண்டுமே என்றேன். “அவளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு” என்றார் மூத்தவர். வங்கியின் வழக்கறிஞர் அதை ஒப்புக்கொள்வாரா? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களைப் போலவே மகளும் முதல் வகுப்பு வாரிசு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். உசிலம்பட்டியில் இருந்த தங்கையிடம் நானே பஸ் ஏறிப் போனேன். அந்த அம்மா பங்கு கேட்கவில்லை. “அண்ணன் ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பேன்” என்றுதான் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பழம், வெற்றிலையோடு போனார். தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அந்த வாரமே பதிவானது.

ஆனையூர் உறுப்பினர்:

அனைவருக்கும் நன்றி. என் வியாபாரம் என்ன ஆயிற்று என்று தனியாகக் கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். விற்பவர் இரண்டு லட்சம் குறைத்தார். வாங்குபவரின் அண்ணன் நான்கு லட்சம் கொடுத்தார். நான் கமிஷனில் பாதியை விட்டுக்கொடுத்தேன், அது நியாயமும்கூட. ஆவணியில் பதிவுக்கு டோக்கன் கிடைத்தது. அன்று காலையில் விற்பவர் டிடிகளையும் காசோலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு, 56,000 ரூபாய் குறைகிறது என்று எழுந்துவிட்டார். ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் போகும் சொத்துக்கு வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்ல மறந்திருந்தேன். அவருடைய பான் எண் ஆதாருடன் இணைந்திருந்ததால் ஒரு சதவீதத்தோடு போயிற்று. இணையாமல் செயலிழந்திருந்தால் 20 சதவீதம் பிடிக்க வேண்டி வந்திருக்கும். வாங்குபவர் வரி கட்டிய ரசீதைச் செல்போனில் காட்டினார். விற்பவரின் மகள் அதைச் சென்னையிலிருந்து வாட்ஸாப்பில் வாங்கிப் படித்துவிட்டு, “அப்பா, இது உங்கள் வரிக் கணக்கில்தான் வரும், போடுங்கள்” என்று சொன்ன பிறகே அவர் பேனாவை எடுத்தார். அதற்குள் எங்கள் டோக்கனை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள்.