800 ஆம்பியர் பேனலுக்கு 25×3 எர்த் பட்டை போதுமா? திங்கட்கிழமைக்குள் பதில் தேவை

ஆலை_பராமரிப்பு | வெள்ளி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நூற்பாலையில் புதிதாக 800 ஆம்பியர் எல்டி (குறைந்த மின்னழுத்த) பேனல் நிறுத்தியிருக்கிறோம். ஒப்பந்தக்காரர் பேனலின் இரு முனைகளிலிருந்தும் 25×3 மி.மீ. எர்த் பட்டை இழுத்து எர்த் குழிகளில் சேர்த்துவிட்டார். ஆய்வுக்கு வந்த அதிகாரி, பட்டையின் அளவுக்கு உரிய கணக்கைக் காட்ட வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இருபது ஆண்டுகளாக எல்லா ஆலைகளிலும் இதைத்தான் போட்டு வருவதாகவும், இதற்கென்று கணக்கு எதுவும் கிடையாது என்றும் ஒப்பந்தக்காரர் சொல்கிறார். 800 ஆம்பியருக்கு எத்தனை சதுர மில்லிமீட்டர் வேண்டும் என்று யாராவது சொன்னால் திங்கட்கிழமை காலையில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

கரூர்_மின்பணி | வெள்ளி, இரவு 9.58

25×3 என்று எழுதியிருக்கிறீர்கள். செம்பா, ஜிஐயா (துத்தநாகம் பூசிய எஃகு) என்று எழுதவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் உங்களுடையதா, அல்லது எல்டி இணைப்பா? சொந்த டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அது எத்தனை கேவிஏ (திறன்), பெயர்த்தகட்டில் இம்பிடன்ஸ் (உள் மின்தடுப்பு) எத்தனை சதவீதம் என்ற விவரங்கள் வேண்டும். பேனலின் மெயின் பிரேக்கர் பழுதை எவ்வளவு நேரத்தில் துண்டிக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இவை இல்லாமல் யார் அளவு சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

நிலத்தடி | வெள்ளி, இரவு 10.15

பட்டையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் குழிகளைப் பாருங்கள் என்பதே என் கருத்து. எத்தனையோ ஆலைகளில் தடிமனான பட்டையைப் போட்டுவிட்டு, குழியில் தண்ணீர்கூட ஊற்றாமல் விட்டுவிடுகிறார்கள். கோடையில் அளந்து பார்த்தால் எட்டு ஓம், பத்து ஓம் என்று காட்டும். பெண்டோனைட் களிமண் நிரப்பி, குழியின் தடையை ஒரு ஓமுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால், மின்னோட்டம் தடையில்லாமல் பூமிக்குள் இறங்கிவிடும். 25×3 பட்டை தாராளமாகப் போதும். உங்கள் குழிகளின் அளவீடு என்ன?

ஓய்வுபெற்ற_போர்மேன் | வெள்ளி, இரவு 10.41

தம்பி, 800 ஆம்பியருக்கு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று கேட்பதே தவறு. பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்த 800 ஆம்பியர் எர்த் பட்டையில் ஒருநாளும் ஓடப்போவதில்லை. நல்ல நிலையில் அதில் ஏறக்குறைய ஒன்றுமே ஓடாது. ஒரு ஃபேஸ் பேனல் உடம்பில் பட்டுவிட்டால், பிரேக்கர் துண்டிக்கும் வரை, டிரான்ஸ்ஃபார்மர் தரக்கூடிய பழுது மின்னோட்டம் முழுவதும் அதில் பாயும். அந்த நேரம் முழுவதும் பட்டை உருகாமல், போல்ட் தளராமல் தாங்க வேண்டும். எர்த்திங்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 3043 தருகிற கணக்கு இதுதான்: பழுது மின்னோட்டத்தை, அது பாயும் வினாடிகளின் வர்க்கமூலத்தால் பெருக்கி, உலோகத்துக்குரிய கே என்ற எண்ணால் வகுத்தால் சதுர மில்லிமீட்டர் கிடைக்கும். வெற்றுச் செம்புக்கு கே 205, அலுமினியத்துக்கு 126, எஃகுக்கு 80. 1987ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இருக்கிறது, 2018இல் திருத்தியும் வந்துவிட்டது. படித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

பேனல்_வடிவமைப்பு | வெள்ளி, இரவு 11.05

கணக்கு சரிதான், ஆனால் கேட்பவரைக் கடிந்துகொள்ளாமலும் அதைச் சொல்லியிருக்கலாம், ஐயா. கணக்கே போடாமல் அட்டவணையிலிருந்தும் அளவை எடுக்க வழி உண்டு. ஃபேஸ் கம்பி 16 சதுர மி.மீ. வரை இருந்தால் எர்த்தும் அதே அளவு. 16க்கு மேல் 35 வரை என்றால் 16. அதற்கு மேல் பாதி. பேனலுக்கான 61439 தரத்தில் இந்தப் பாதி விதியும் ஓர் எல்லைக்குள்தான் செல்லும். வெளியிலிருந்து வரும் எர்த் கம்பிக்கான முனையைப் பொறுத்தவரை, ஃபேஸ் 400 சதுர மி.மீ. வரை பாதி, 400க்கு மேல் 800 வரை 200, அதற்கு மேல் கால் பங்கு. ஆனால் இந்த எண்கள் ஃபேஸும் எர்த்தும் ஒரே உலோகமாக இருக்கும்போதுதான் பொருந்தும். செம்புக்குரிய எண்ணை எடுத்து ஜிஐ பட்டைக்குப் போட்டுவிடும் தவறை நான் வரைபடங்களில் பலமுறை பார்த்து நிறுத்தியிருக்கிறேன்.

ஆலை_பராமரிப்பு | சனி, காலை 7.20

மன்னிக்கவும், பட்டை என்றாலே ஜிஐ என்று புரிந்துகொள்வீர்கள் என நினைத்துவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் எங்களுடையதுதான்: 500 கேவிஏ, 11 கேவி / 433 வோல்ட், பெயர்த்தகட்டில் இம்பிடன்ஸ் 4.5 சதவீதம்.

கரூர்_மின்பணி | சனி, காலை 8.02

நன்றி, இப்போது கணக்குப் போடலாம். 500 கேவிஏவுக்கு 433 வோல்ட் பக்கத்தில் முழுச்சுமை மின்னோட்டம் ஏறக்குறைய 667 ஆம்பியர். அதை 0.045ஆல் வகுத்தால் 14,800 ஆம்பியர் வருகிறது. மின்வாரியத்தின் வலையமைப்பு எல்லையற்ற வலிமையுடையது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உண்மையில் கொஞ்சம் குறைவாகத்தான் வரும் என்பதால் பாதுகாப்பான பக்கம் நிற்கிறோம். ஒரு வினாடிக்கு எஃகு என்றால் 14,800ஐ 80ஆல் வகுக்க, 185 சதுர மி.மீ. உங்கள் 25×3 பட்டை 75 சதுர மி.மீ.தான்; ஒரு வினாடிக்கு 6,000 ஆம்பியரைத்தான் தாங்கும். அதே 25×3 செம்பாக இருந்தால் 75ஐ 205ஆல் பெருக்க 15,375 ஆம்பியர், அதாவது மயிரிழையில் தேறியிருக்கும். செம்பா, ஜிஐயா என்று முதலில் கேட்டது இதனால்தான். உங்கள் ஒப்பந்தக்காரர் ஒரு காலத்தில் செம்புப் பட்டைக்குச் சரியாக இருந்த அளவை, உலோகம் மாறிய பிறகும் மாற்றாமல் தொடர்ந்து போட்டு வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரேக்கர் நேரத்தை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

நிலத்தடி | சனி, காலை 9.30

இத்தனை ஆயிரம் ஆம்பியர் எப்படிப் பூமிக்குள் போகும் என்று யாரும் கேட்கவில்லையே. குழியின் தடை ஐந்து ஓம் இருந்தால் 14,800 ஆம்பியர் பாய வழியே இல்லை. ஆகவேதான் குழியை முதலில் பாருங்கள் என்றேன்.

ஓய்வுபெற்ற_போர்மேன் | சனி, காலை 9.52

நீங்களே உங்கள் வாதத்தை உடைத்துவிட்டீர்கள். நீங்கள் விரும்புகிற ஒரு ஓம் குழியையே எடுத்துக்கொள்வோம். பேனல் பக்கம் ஒரு ஓம், டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் பக்கம் ஒரு ஓம், ஆக இரண்டு ஓம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250 வோல்ட். மண் வழியாக 125 ஆம்பியருக்கு மேல் பாயாது. 800 ஆம்பியர் பிரேக்கருக்கு அது சுமையாகக்கூடத் தெரியாது, துண்டிக்கவும் செய்யாது. அதற்குள் பேனல் கதவைத் தொட்டவன் நிலைமை என்ன? பழுது மின்னோட்டம் மண்ணில் இறங்கி மறைவதற்காக எர்த் போடவில்லை. அது உலோக வழியாகவே டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலுக்குத் திரும்பி வர வேண்டும், வந்தால்தான் பிரேக்கர் விழும். அந்த உலோக வழியின் பருமனைத்தான் இங்கே கணக்கிடுகிறோம்.

நிலத்தடி | சனி, காலை 10.20

அப்படியானால் குழிகளே வேண்டாமா? மின்னல் வந்தால் என்ன செய்வீர்கள்? 11 கேவி பக்கப் பழுது எல்டி பக்கம் ஏறினால் என்ன செய்வீர்கள்? முப்பது ஆண்டுகளாகக் குழி தோண்டியவன் சொல்கிறேன், குழியை அலட்சியம் செய்த இடத்தில் பிறகு வருந்தியவர்களையே பார்த்திருக்கிறேன்.

பேனல்_வடிவமைப்பு | சனி, காலை 10.48

குழி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அண்ணா. நீங்கள் சொன்ன இரண்டு காரணங்களுக்கும் குழி கட்டாயம் வேண்டும், அதன் தடையையும் ஆண்டுதோறும் அளக்க வேண்டும். ஆனால் பட்டையின் அளவு குழியின் தடையைப் பொறுத்ததல்ல. எல்லாக் குழிகளும் நியூட்ரலோடு உலோகப் பட்டையால் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை ஆலைக்காரர் சரிபார்க்க வேண்டும் என்பதையும் இந்த விவாதத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

வயர்மேன்_திருப்பூர் | சனி, மதியம் 1.15

என்னுடைய ஐயம்: இரு முனைகளிலும் ஒவ்வொரு 25×3 பட்டை போகிறது அல்லவா? இரண்டையும் கூட்டினால் 150 சதுர மி.மீ. ஆகிறதே. பிரேக்கர் அரை வினாடிக்குள் துண்டித்தால் போதும் அல்லவா?

கரூர்_மின்பணி | சனி, மதியம் 1.50

நல்ல கேள்வி. அரை வினாடிக்கு 131 சதுர மி.மீ. தேவை, கூட்டிப் பார்த்தால் தேறும், ஒரு வினாடிக்குத் தேறாது. ஆனால் கூட்டுவதே எனக்கு உடன்பாடில்லை. 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளின் 61ஆவது விதியே இரண்டு தனித்தனி இணைப்புகளைக் கேட்டது. அதன் நோக்கம், ஒன்று துருப்பிடித்தோ, போல்ட் கழன்றோ போனாலும் மற்றொன்று நிற்க வேண்டும் என்பதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே ஒவ்வொரு பட்டையும் தனியாகவே முழுப் பழுதையும் தாங்க வேண்டும் என்று வைத்துத்தான் நான் அளவு எடுப்பேன். இரண்டிலும் மின்னோட்டம் சரிபாதியாகப் பிரியும் என்பதற்கும் உறுதி இல்லை. நீளமும் இணைப்புகளும் வேறுவேறாக இருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். எஃகுக்கு 80 என்ற எண், பட்டை 500 டிகிரி வரை சூடாகலாம் என்ற அனுமதியோடு வருகிறது. கால்வாயில் பட்டையின் மேலேயே பிவிசி உறை கேபிள்கள் கிடந்தால் அவ்வளவு சூட்டுக்கு விட முடியாது. சர்வதேசத் தரத்தில், பிவிசி உறையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வெற்று எஃகுக்கு 200 டிகிரிதான் எல்லை, கே 58. அப்போது 14,800ஐ 58ஆல் வகுக்க 255 சதுர மி.மீ. முதலில் வந்த 185 சதுர மி.மீ. கணக்கில் 32×6 கூட 192 சதுர மி.மீ. என்று தேறுகிறது, ஆனாலும் நான் 50×6, அதாவது 300 சதுர மி.மீ. போடச் சொல்வது இதனால்தான். மண்ணுக்குள் போகும் பகுதி நாளடைவில் துருவில் கரையும் என்பதற்கும் அந்த மிச்சம் உதவும்.

ஓய்வுபெற்ற_போர்மேன் | சனி, மாலை 4.10

இவ்வளவு சுற்றுவதற்குப் பதில் செம்பு போட்டுவிட்டால் முடிந்தது. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். 500 டிகிரிக்குச் சூடான ஜிஐ பட்டை அதன் பிறகு வெறும் இரும்புதான்.

வயர்மேன்_திருப்பூர் | சனி, மாலை 4.35

ஐயா, செம்பு போட்டால் ஆறு மாதத்தில் அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எர்த் திருடு போனதே தெரியாமல் ஆலை ஓடிக்கொண்டிருந்ததை நானே நேரில் பார்த்திருக்கிறேன். பழைய ஜிஐ வலையோடு செம்பை நேரடியாகப் போல்ட் போட்டால் ஈரத்தில் ஜிஐதான் முதலில் அரிக்கப்படும். ஈயம் பூசிய செம்பாக இருந்தால் ஓரளவு பரவாயில்லை.

ஓய்வுபெற்ற_போர்மேன் | சனி, மாலை 5.02

திருட்டு காவலாளியின் பிரச்சினை, மின்பணியாளரின் பிரச்சினை அல்ல. ஈரத்தில் அரிப்பு வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆலை_பராமரிப்பு | ஞாயிறு, இரவு 8.15

அனைவருக்கும் நன்றி. இன்று ஆலை விடுமுறை என்பதால் திறந்து பார்த்தோம். ஏசிபியின் (மெயின் பிரேக்கரின்) ஷார்ட் டைம், அதாவது பெரிய பழுதில் துண்டிக்கும் நேரம், 0.4 வினாடியில் இருக்கிறது. நியூட்ரல் குழிகளுக்கும் பேனல் குழிகளுக்கும் இடையே ஒரே ஒரு 25×3 ஜிஐ பட்டைதான் இருந்தது, அதுவும் பெயிண்டின் மேலேயே போல்ட் போடப்பட்டிருந்தது. இரண்டு வழியிலும் 50×6 போட ஒப்பந்தக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார். கணக்கை ஒரு வினாடிக்கே எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

கரூர்_மின்பணி | ஞாயிறு, இரவு 8.40

மகிழ்ச்சி. ஒரு வினாடிக்கு எழுதுவதுதான் சரி. பழுது ஏசிபிக்கு முன்னால், டிரான்ஸ்ஃபார்மர் முனைக்கும் பேனலுக்கும் நடுவில் நேர்ந்தால் 0.4 வினாடி என்ற அமைப்புக்கு அங்கே வேலையே இல்லை. 11 கேவி பக்கப் பாதுகாப்புதான் துண்டிக்க வேண்டும். டெல்டா-ஸ்டார் முறையில் சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரில், எல்டி பக்கம் ஒரு ஃபேஸ் எர்த்தானால் 11 கேவி பக்கத்துக்கு அது 58 சதவீதமாகத்தான் தெரியும். மின்னழுத்த விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் அது ஏறக்குறைய 336 ஆம்பியர். அங்கே இருப்பது ஃப்யூஸா, விசிபியா (வெற்றிடப் பிரேக்கரா)? 336 ஆம்பியருக்கு அது எத்தனை வினாடியில் துண்டிக்கும் என்று அதன் நேர-மின்னோட்ட வளைவில் பார்த்துச் சொல்ல முடியுமா? மூன்று வினாடி வரை போகுமானால் எஃகுக்கு ஏறக்குறைய 320 சதுர மி.மீ. தேவைப்படும், டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலிலிருந்து வரும் பகுதிக்கு 50×6 போதாது.

வயர்மேன்_திருப்பூர் | புதன், காலை 10.05

ஆலைக்காரரிடமிருந்து பதில் வரவில்லையே. விசிபியா, ஃப்யூஸா என்று தெரிந்தால் எனக்கும் உதவியாக இருக்கும். இங்கேயும் இதே 500 கேவிஏதான், பட்டையும் இதே 25×3 ஜிஐதான்.