ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை: குடும்பத்தோட கார்ல போனா கேம்ப் எப்படிப் பார்த்து எடுக்கிறது? (சென்னைக்காரங்க பேசிக்கிட்டது. பேருக்குப் பதிலா அவங்கவங்க ஏரியா.)

தண்டையார்பேட்டை

பொங்கல் முடிஞ்ச அடுத்த வாரம் ஏலகிரி, கொல்லிமலை, ஏற்காடு மூணையும் ஒரே சுத்துல பார்த்துட்டு வரலாம்னு இருக்கோம். எர்டிகா வண்டி. அம்மா, மாமியார், நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு பேர். டென்ட் கேம்ப், காட்டேஜ்னு போன்ல வந்துக்கிட்டே இருக்கு, எல்லா போட்டோலயும் மலையும் மேகமும்தான். எதை வச்சு முடிவு பண்றது? போய்த் தங்கினவங்க விவரமா சொல்லுங்க.

பெரம்பூர்

காட்சியைக் கடைசியா பாருங்க தம்பி. முதல்ல தரை.

மலை விளிம்புல டென்ட் நிக்கிற போட்டோதான் அதிகம் ஓடுது. காத்து நேரா வந்து மோதுறதும் அங்கதான். ராத்திரி பூரா துணி படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், பெரியவங்க கண்ணை மூட முடியாது. விளிம்பை விட்டு உள்ள தள்ளி, ஒரு மேட்டுக்கோ மரவரிசைக்கோ மறைவா இருக்கிற இடமா கேளுங்க. மேகம் பார்க்க காலையில நாலு எட்டு நடந்து போனாப் போதும். மறைவுன்னு சொல்லி மரத்துக்கு நேர் கீழ போட்டுடாதீங்க. காபித் தோட்டத்துல நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் காத்துக்குக் கிளையை ஒடிச்சுப் போடும்.

படிப்படியா வெட்டின நிலமா இருந்தா, மேல் படித் தண்ணி எங்க வடியுதுங்கிறது முக்கியம். டென்ட்டைச் சுத்தி வாய்க்கால் வெட்டி, சரிவுப் பக்கம் திறந்து விட்டிருக்கணும். "மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?"னு போன்லயே கேளுங்க. அங்கேயே இருக்கிற ஆளா இருந்தா யோசிக்காம சொல்லிடுவார். கமிஷனுக்கு புக்கிங் எடுக்கிறவருக்குப் பதில் வராது. ஓடைக்கரை டென்ட் எந்த மாசத்துலயும் வேண்டாம். நம்ம தலைக்கு மேல மழை இல்லாமலே, மேல் மலையில பெஞ்ச மழை ஓடையில இறங்கி வந்துடும்.

சொந்த டென்ட் கொண்டு போறதா இருந்தா, அடியில விரிக்கிற தார்ப்பாய் டென்ட்டோட அளவைவிடச் சிறுசா இருக்கணும். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா, மேல் துணியில வழியிற தண்ணியைப் பிடிச்சு நேரா அடியில விட்டுடும். ஆணியோட தலை டென்ட்டுக்கு வெளிப்பக்கமா 45 டிகிரி சாய்ஞ்சிருக்கணும், நேரா அடிச்ச ஆணியை ஒரு நல்ல காத்து பிடுங்கிடும். சரிவு கொஞ்சம் இருந்தா தலை மேட்டுப் பக்கம் வர்ற மாதிரி படுங்க.

நீங்க போறது ஜனவரி. மழையைவிடப் பனிதான் தொந்தரவு. குளிருதுன்னு எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினா, மூச்சுல வர்ற ஈரம் உள்துணியில கோத்துக்கிட்டு விடியறதுக்குள்ள மேல சொட்டும். "டென்ட் ஒழுகுது"ன்னு வர்ற புகார்ல பாதி இதுதான். மேல இருக்கிற வலை ஜன்னலைத் திறந்தே வைங்க, வெளித்துணி உள்துணியைத் தொடாம இழுத்துக் கட்டுங்க. "நாலு பேர் டென்ட்"னு போட்டிருந்தா, பையோட சேர்த்து ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தைக்குத்தான் சரியா வரும்.

ராயபுரம்

தம்பி, அம்மாவையும் மாமியாரையும் டென்ட்டில் படுக்க வைக்காதீர்கள். தரையோடு தரையாக மெத்தையில் படுத்துவிட்டு, முட்டிவலிக்காரர்கள் ராத்திரி குனிந்து வெளியே வந்து எழுந்து நிற்பது பெரிய வேதனை. ஒரே வளாகத்தில் அறையும் டென்ட்டும் இருக்கிற இடமாகப் பாருங்கள். பெரியவர்களுக்கு அறை, பிள்ளைகளோடு நீங்கள் பக்கத்து டென்ட்டில். இப்படிச் செய்தால் அவசரத்துக்கு உங்களுக்கும் ஒரு பாத்ரூம் கிடைத்துவிடும்.

பொதுக் கழிவறைதான் என்றால், எத்தனை பேருக்கு ஒன்று என்று கேளுங்கள். "நிறைய இருக்கு மேடம்" என்று சொல்வார்கள், எண்ணிக்கையை வாங்குங்கள். ஒரு கழிவறைக்கு எட்டுப் பேரைத் தாண்டினால் காலை ஆறு மணிக்கு வரிசைதான். வெஸ்டர்னா, உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, போகிற வழியில் எத்தனை படி, கைப்பிடி உண்டா என்பதையும் விசாரியுங்கள். வெந்நீர் கீசரா, விறகு பாய்லரா? கீசர் என்றால் கரண்ட் போனால் கிடையாது, இன்வெர்ட்டரில் லைட்டும் ஃபேனும்தான் ஓடும். வயதானவர்கள் இருந்தால் விறகு பாய்லர் வைத்திருக்கிற இடத்துக்குத்தான் என் ஓட்டு.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல், டென்ட் வாசலில் இருந்து கழிவறைக் கதவைத் திறக்கிற வரைக்கும் நடந்துகொண்டே, நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வெளிச்சம், படி, ஈரம், தூரம், கதவு, எல்லாம் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். அனுப்ப மறுக்கிற இடத்தில் அட்வான்ஸ் போடாதீர்கள்.

மணலி

அக்கா சொன்னது கரெக்ட். நான் வண்டி பத்தி சொல்றேன்.

ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவு. ஏற்காடு சேலம் பக்கம் 20. கொல்லிமலை காரவள்ளி வழியா 70. அந்த எழுபதுல பின்சீட்டுல இருக்கிறவங்களுக்கு வாந்தி நிச்சயம். கொல்லிமலைக்கு முள்ளுக்குறிச்சி பக்கமும் பாதை இருக்கு, வளைவு கம்மி. பெரியவங்களோட போறதால அதுல போங்க.

ஆறு பேர், லக்கேஜ் எல்லாம் ஏத்தி இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடு ஏறி, பெடல் அமுங்கும், வண்டி நிக்காது. எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க, பெரும்பாலும் ரெண்டு, வளைவுல ஒண்ணு. நியூட்ரல் வேண்டவே வேண்டாம். ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடுக்கு மாத்திடணும். கருகின வாசனை வந்தா ஓரமா நிறுத்தி கால் மணி, அரை மணி ஆற விடுங்க. டிஸ்க்ல தண்ணி ஊத்தாதீங்க, கோணிடும். பிரேக் ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆயிருந்தா கிளம்பறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. பழைய ஆயில் ஈரம் இழுத்திருக்கும், சூட்டுல அதுதான் கொதிக்கும். ஏறி வர்ற வண்டிக்கு எப்பவும் வழி விடணும்.

கேம்ப்காரர்கிட்ட கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: தார் ரோடு எங்க முடியுது? அங்கேர்ந்து எவ்வளவு தூரம், மண்ணா கல்லா? "ஜீப் வச்சுக் கூட்டிட்டுப் போவோம்"னா, அதுக்குத் தனிக் காசா, நம்ம வண்டி ராத்திரி எங்க நிக்கும்னு கேளுங்க. ஆள் ஏறின எர்டிகாவுக்கு அடி தட்டும். மேப்புல காட்டுற புள்ளியையும் நம்பாதீங்க, கடைசித் திருப்பத்தோட அடையாளத்தைக் கேட்டுக்குங்க.

விடிகாலை நாலரைக்கு மேல கிளம்பாதீங்க. எண்ணூர் ரோட்லயும் மணலி பக்கமும் கன்டெய்னர் வரிசை கட்டிடுச்சுன்னா மாதவரம் ரவுண்டானா தாண்டவே நேரம் போயிடும்.

கொளத்தூர்

சட்டத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே தமிழ்நாடு வனச் சட்டம், 1882 படி குற்றம், கூடாரம் அடிப்பது அதற்கும் மேல். "காட்டுக்குள்ள கேம்ப்" என்று விளம்பரம் வந்தால், பட்டா நிலமா, மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி யார் பெயரில் என்று கேளுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ நடந்த பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ரிசார்ட் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. காட்டு விளிம்பில் விளக்கும் வேலியும் காவலும் இல்லாத இடத்துக்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் போகக் கூடாது.

பிள்ளைகளை முறையாக நடக்கக் கூட்டிப்போக ஆசை என்றால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். நம் பக்கத்திலேயே பூண்டியை ஒட்டிய குடியம் குகைப் பாதை அதில் ஒன்று. முதலில் அதில் நடத்திப் பாருங்கள், பிள்ளைகளின் தெம்பு தெரிந்துவிடும்.

வியாசர்பாடி

கேம்ப் ஃபயர் முடிஞ்சதும் அந்தக் கரித்தணலைச் சட்டியில அள்ளி டென்ட் உள்ளயோ அறையிலயோ வைக்கிறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும். கேஸ் அடுப்பும் டென்ட் உள்ள ஏத்தாதீங்க. வெளிய சமைக்க 220 கிராம் கேஸ் டப்பா முழுத்தீயில ஒன்றரை மணி நேரம்தான் வரும், ஆறு பேருக்கு டீயும் நூடுல்ஸும் போட ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு கணக்கு வைங்க. வெயில்ல நிக்கிற கார்ல அந்த டப்பாவை விட்டுட்டுப் போகாதீங்க.

சாப்பாட்டுப் பொருளை டென்ட்ல வைக்காம கார்ல வச்சுப் பூட்டுங்க, குரங்கு ஜிப்பைக் கிழிச்சிடும். செருப்பு, ஷூவைக் காலையில உதறிட்டுப் போடுங்க.

தண்டையார்பேட்டை

ரொம்ப உதவியா இருக்கு. மூணு மலை, மூணு ராத்திரி போதுமா? எந்த வரிசையில போகலாம்?

பெரம்பூர்

மூணு மலைக்கு மூணு ராத்திரின்னா தினமும் மூட்டை கட்டுற வேலைதான் மிஞ்சும். ஒண்ணை விடுங்க. ஏலகிரியில ஒரு ராத்திரி, கொல்லிமலையில ரெண்டு. ஏற்காட்டை வேற சமயம் தனியா வச்சுக்குங்க. ஏலகிரி சாயங்காலம் சனிக்கிழமையா அமைஞ்சா, போற வழியில வாணியம்பாடியிலேர்ந்து ஆலங்காயம் வழியா காவலூர் வானாய்வகத்துக்கு ஒரு எட்டு போய் வரலாம். 2.3 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி அங்கதான் இருக்கு. சனிக்கிழமை பொதுமக்களை விடுவாங்க, நேரத்தை முன்னாடியே விசாரிச்சுக்குங்க.

எந்த மலையா இருந்தாலும் மதியம் மூணுக்குள்ள அடிவாரத்துல இருக்கணும். வெளிச்சம் இருக்கும்போதே டென்ட் இடத்தைப் பார்த்து, பிடிக்கலைன்னா மாத்திக் கேட்க முடியும். இருட்டின பிறகு போனா குடுத்த இடம்தான்.

மணலி

திரும்பும்போது முள்ளுக்குறிச்சி பக்கம் இறங்கி ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, திண்டிவனம். ஞாயிறு சாயங்காலம் திரும்புறதா அமைஞ்சா பெருங்களத்தூர்ல மாட்டிக்காம, வண்டலூர்லயே வெளிவட்டச் சாலை ஏறிடுங்க. மீஞ்சூர் வரைக்கும் 62 கிலோமீட்டர், சிட்டிக்குள்ள நுழையவே வேண்டாம். மீஞ்சூர்லேர்ந்து திருவொற்றியூர் வழியா வீடு. ஃபாஸ்டாக்ல காசு இருக்கான்னு மட்டும் திண்டிவனத்துலயே பார்த்துடுங்க.