சாட்ஸ்வொர்த் அங்கிளும் மக்காச்சோளமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த புதிதில், இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். வீட்டுக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. தெருவே அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடும். பேச்சு முழுக்க ஆங்கிலம். தமிழில் மிச்சமிருந்தவை ‘தம்பி’, ‘சாப்பிட்டியா’, ‘போதும்’ என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை முன்னறைக் கதவு சாத்தியே இருக்கும். பூஜையில் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். மனிதர் மக்காச்சோளம் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்! வீட்டுக்கு ஒரு மூட்டைகூட வந்ததில்லை. எல்லாம் முன்பேரச் சந்தைதான்: பின்னொரு மாதத்தில் கைமாற வேண்டிய சரக்குக்கு இன்றே விலை பேசி வாங்குவதும் விற்பதும்.

இளவயதில் ஒரு மாவு மில்லில் கொள்முதல் குமாஸ்தா. அப்போது மக்காச்சோள விலை அரசு வாரியத்தின் கையில் இருந்தது. 1996இல் வந்த சட்டம் வாரியங்களைக் கலைக்க வழிசெய்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்க முன்பேரச் சந்தையான சஃபெக்ஸில் மக்காச்சோள வியாபாரமும் தொடங்கியது. மில்லுக்காக விலை பார்த்துப் பழகியவர், ஒரு கட்டத்தில் தன் காசோடு இறங்கிவிட்டார்.

அங்கே ஒரு கான்ட்ராக்ட், அதாவது ஒரு ஒப்பந்தம், 100 டன். விலை டன்னுக்கு 20 ராண்ட் (தென்னாப்பிரிக்கப் பணம்) நகர்ந்தால் 2,000 ராண்ட். அது கிடைத்தாலே அவருக்குத் திருப்தி. சந்தை நண்பகலில் மூடும்முன் கையில் இருப்பதையெல்லாம் முடித்துவிடுவார். நம் சந்தை மூடிய பிறகுதான் அமெரிக்காவின் சிகாகோ தானியச் சந்தையில் பகல் வியாபாரம் சூடுபிடிக்கும். அங்கே என்ன நடந்தாலும் மறுநாள் காலை இங்கே எதிரொலிக்கும். “தூங்கும்போது என் காசு ஏன் முழிச்சிருக்கணும் தம்பி?” என்பார்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார விட்டார். மழை வராது, விளைச்சல் குறைந்து விலை ஏறும் என்று கணக்குப் போட்டு மூன்று கான்ட்ராக்ட் வாங்கினார். கொஞ்ச நேரத்தில் விலை 8 ராண்ட் இறங்கியது. வானிலைப் படத்தை ஒரு தடவை பார்த்தார், “போதும்” என்றார், விற்றுவிட்டார். 2,400 ராண்ட் போச்சு. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில் சிவப்பு மையால் அதை எழுதிவிட்டுத் தேநீர் போடப் போனார். அரை மணி நேரத்தில் விலை 30 ராண்ட் ஏறியது. எனக்கு வயிறு எரிந்தது. அவர் ரஸ்க்கைத் தேநீரில் நனைத்துக்கொண்டே, “மழை வராதுன்னு வாங்கினேன். வரும்னு தெரிஞ்சுது. அப்புறம் எதுக்கு வெச்சிருக்கணும்?” என்றார்.

இதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. 2015 வறட்சியில் விலை ஏறிக்கொண்டே போய், 2016 ஜனவரியில் டன் 5,000 ராண்டைத் தாண்டியது. வாங்கிப்போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குக் கொள்ளை லாபம். இவருக்குத் தினம் தினம் கிடைத்த சில்லறைதான். அதில் வருத்தம் இல்லை என்று சொன்னார். நான் முழுசாக நம்பவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2017 தொடக்கத்தில் படைப்புழு வந்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்து, அங்கிளிடம் சொல்லாமல் ஒரு கான்ட்ராக்ட் வாங்கினேன். பூச்சி தின்றால் விளைச்சல் குறையும், விலை ஏறும் என்று கணக்கு. நல்ல மழை பெய்து அந்தப் பருவம் சாதனை விளைச்சலாகிவிட்டது. விலை இறங்க இறங்க, நஷ்டத்தை ஈடுகட்டும் பிணைப்பணமான மார்ஜினைக் கட்டச் சொல்லித் தினமும் புரோக்கரிடமிருந்து செய்தி வரும். டன்னுக்கு 300 ராண்ட் இறங்கிய பிறகுதான் எனக்குப் ‘போதும்’ வந்தது. 30,000 ராண்ட், என் இரண்டு மாத வாடகையும் சாப்பாடும் அதில் அடக்கம்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு பதில்:

நானும் இப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆபீஸில் இருந்த மதுரைக்கார அண்ணன், மாலையில் கச்சா எண்ணெய் பார்ப்பார். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் மே மாத கான்ட்ராக்ட் பூஜ்யத்துக்குக் கீழே போய், பீப்பாய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது நினைவிருக்கும். பதறிப்போய் போன் செய்தேன். அவர் போன வாரமே மே மாதத்தை விட்டு வெளியேறியிருந்தார். “கான்ட்ராக்ட் முடிகிறவரை வெச்சிருந்தா எண்ணெயையே கையில் வாங்கணும்டா. ஆயிரம் பீப்பாயை நான் எங்கே வைப்பேன், மாடிப்படிக்குக் கீழேயா?” என்றார். அது சரி, உங்கள் அங்கிள் மொத்தமாக எவ்வளவு சம்பாதித்தார்?

எழுதியவர்:

கேட்டேன், சிரித்து மழுப்பிவிட்டார். வீட்டுக் கடன் அடைந்தது, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது, இது எனக்குத் தெரியும். பேரன் இதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி இரண்டு வருஷம் நச்சரித்தான். நோட்டுகளை எடுத்துப் பரணில் போட்டுப் பூட்டிவிட்டு, அவனை பார்மசி படிக்க அனுப்பினார்.