வியாழக்கிழமை கண் ஆபரேஷன்: குடும்பக் குழு

கவிதா: அப்பாவுக்கு வர்ற வியாழன் காலைல ஆபரேஷன். இடது கண் கிளாக்கோமால (கண் அழுத்த நோய்) போயிடுச்சு, பார்வை இருக்குற வலது கண்ணுலதான் இப்ப பண்றாங்க. கண்புரை முத்திப் பழுப்பாயிடுச்சு, லென்ஸைப் பிடிச்சிருக்குற இழைகளும் பலவீனமா இருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. யார் எதைப் பாக்குறதுன்னு இன்னைக்கே பிரிச்சுக்கலாம்.

முருகன் மாமா: முதல்ல மாத்திரை லிஸ்ட். அத்தான் யூரினுக்கு டாம்சுலோசின் போடுறாரே, கண் டாக்டர்கிட்ட சொல்லியாச்சா?

கவிதா: இல்லையே மாமா. கண்ணுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு நாள் நிறுத்திடவா?

முருகன் மாமா: நிறுத்தாதம்மா. அந்த மாத்திரை ஐரிஸ் தசையை, அதாவது கண் பாப்பாவைச் சுத்தியிருக்குற திரையோட தசையைத் தளர்த்திடும். நிறுத்தி மாசக்கணக்கானாலும் அந்தத் தளர்ச்சி முழுசா போகாது. 2005லயே இதைக் கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. நீயா நிறுத்தி யூரின் அடைச்சுக்கிட்டா அது தனிச் சிக்கல். ரத்தம் இளக்குற மாத்திரை ஏதாவது இருந்தாலும் அதே கதைதான், டாக்டரைக் கேக்காம எதையும் விடக் கூடாது.

செல்வி சித்தி: தியேட்டர்ல என்ன ஆகும்னு சொல்றேன். சொட்டு மருந்து விட்டா கண் பாப்பா (நடுவுல இருக்குற கருப்பு ஓட்டை) நல்லா விரியணும். தளர்ந்த ஐரிஸ் விரியாது. கண்ணுக்குள்ள ஓடுற தண்ணில ஈரத் துணி மாதிரி அலையும், 2.8 மி.மீ. கீறல் வழியா வெளிய பிதுங்கும், பாதி வேலைல பாப்பா சுருங்கிடும். அந்தச் சின்ன ஓட்டை வழியா கல்லு மாதிரி இருக்குற புரையை உடைக்கும்போதுதான் லென்ஸோட பின்பக்க உறை கிழியும். அதோட தடிமன் 0.004 மி.மீ. அளவுதான். முன்கூட்டியே தெரிஞ்சா பாப்பாவை விரிச்சு வைக்கிற மருந்தைக் கண்ணுக்குள்ளயே செலுத்துவாங்க, ஐரிஸை இழுத்துப் பிடிக்கிற ஹூக் எடுத்து வச்சிருப்பாங்க. அதனால இப்பவே போன் பண்ணு கவிதா, வியாழக்கிழமை வரைக்கும் வைக்காத.

கவிதா: பண்றேன் சித்தி.

செல்வி சித்தி: அப்படியே இன்னும் ரெண்டு கேளு. இழை பலவீனம்னா உறையைத் தாங்கிப் பிடிக்க உள்ள வைக்கிற டென்ஷன் ரிங் ரெடியா இருக்கா? உறை கிழிஞ்சா உறைக்கு முன்னாடி உக்கார வைக்கிற மூணு பாக லென்ஸ் கைல இருக்கா? பெரும்பாலும் வச்சிருப்பாங்க. ஆனா இருக்குறது ஒரே கண்ணு, கேக்கத் தயங்காத.

தினேஷ்: மரத்துப்போக ஊசியா, சொட்டு மருந்தா அக்கா?

கவிதா: கேஸ் கஷ்டம், நேரம் ஆகும், அதனால ஊசின்னு சொன்னாங்க.

செல்வி சித்தி: அப்ப ஒண்ணைப் புரிஞ்சுக்கோங்க. ஊசி போட்டா அந்தக் கண்ணுல பல மணி நேரம் பார்வை மங்கி இருக்கும், இமை தூக்க வராது, மேல பஞ்சுக் கட்டு. மத்தவங்களுக்கு இன்னொரு கண் இருக்கும். அத்தானுக்கு மறுநாள் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் முழு இருட்டு. அதை முன்னாடியே அவர்கிட்ட சொல்லிடுங்க. சொல்லாம விட்டா பார்வையே போயிடுச்சுன்னு பயந்து, ராத்திரி கட்டைப் பிச்சுடுவாரு.

தினேஷ்: வியாழன் ராத்திரி நான் பெரியப்பா ரூம்ல படுத்துக்கறேன்.

செல்வி சித்தி: நல்லதுப்பா. யூரினுக்கு நாலு தடவை எந்திரிப்பாரு, அதுதான் பெரிய ஆபத்து. கட்டில் பக்கத்துலயே யூரின் பாட்டில் வச்சிரு. நடக்கணும்னா நீ அவர் கையப் பிடிச்சு இழுக்காத, அவர் உன் முழங்கையப் பிடிச்சுக்கட்டும், நீ அரை அடி முன்னாடி நட. புதன்கிழமை கண்ணை மூடிட்டு கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு தடவை நடக்க வச்சுப் பாரு. ரூம்ல நாற்காலியக் கூட நகத்தக் கூடாது.

கவிதா: அப்பாவால ரொம்ப நேரம் மல்லாந்து படுக்க முடியுமா?

செல்வி சித்தி: இன்னைல இருந்து பழக்கு. முழங்காலுக்கு அடியில தலையணை, முகத்துல மெல்லிசு துணி, 40 நிமிஷம் தலைய அசைக்காம. உள்ள போறதுக்கு முன்னாடி பாத்ரூம் போய்ட்டு வரட்டும். குடும்பத்துல யாரையும் பெரும்பாலும் உள்ள விடமாட்டாங்க, ஆனா கையப் பிடிச்சுக்க ஒரு நர்ஸைக் கேட்டுப் பாரு. ஒரு அழுத்துன்னா இருமல் வருது, ரெண்டு அழுத்துன்னா வலிக்குது. திடீர்னு இருமினா கருவி கண்ணுக்குள்ள இருக்கும். முன்னாடியே தெரிஞ்சா டாக்டர் வெளிய எடுத்துடுவாங்க.

முருகன் மாமா: சொட்டு மருந்து என் பொறுப்பு. அட்டவணை ஒண்ணு எழுதி கதவுல ஒட்டிடறேன், விட்டவங்க டிக் அடிக்கணும். பாட்டில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆன்டிபயாடிக்குக்கு ஒரு ரப்பர் பேண்ட், ஸ்டீராய்டுக்கு ரெண்டு. கிளாக்கோமா சொட்டைத் தொடரணுமான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோ கவிதா. கையக் கழுவிட்டு, கீழ் இமைய மட்டும் இழுத்து, அந்தப் பள்ளத்துல ஒரே சொட்டு. பாட்டில் மூக்கு இமையத் தொடக் கூடாது. அப்புறம் ஒரு நிமிஷம் கண்ணை மூடச் சொல்லிட்டு மூக்கோரத்து மூலைய லேசா அழுத்திப் பிடிங்க, கண்ணை அழுத்திடாதீங்க. அடுத்த சொட்டுக்கு 5 நிமிஷம் இடைவெளி, இல்லன்னா ரெண்டாவது மருந்து முதல் மருந்தக் கழுவித் தள்ளிடும். ஸ்டீராய்டு பாட்டில்ல குலுக்கணும்னு போட்டிருந்தா நல்லா குலுக்குங்க. கண்ணு தெளிஞ்சிடுச்சுன்னு பாதியில விடக் கூடாது, படிப்படியாத்தான் குறைப்பாங்க.

தினேஷ்: எப்ப பயப்படணும் சித்தி?

செல்வி சித்தி: முதல் ராத்திரி புருவ வலியும் வாந்தியும் வந்தா கண் அழுத்தம் ஏறியிருக்கலாம், கிளாக்கோமா இருக்குறவங்களுக்கு அது சீக்கிரமே நரம்பக் கெடுக்கும். உடனே கூப்பிடணும். அடுத்த ஒரு வாரம் கிருமித் தொற்றுதான் கவலை. வலி கூடும், சிவக்கும், நேத்து தெரிஞ்சது இன்னைக்குத் தெரியாது. அரிதுதான், ஆனா வந்தா மணிக்கணக்கு முக்கியம். ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்பணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது. கண் ஓரத்துல மின்னல் அடிச்சாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அது விழித்திரை, அதுக்கும் அப்படித்தான்.

தினேஷ்: ஒரு கண்ணுதானே, ஒப்பிட்டுப் பாக்க முடியாதே?

செல்வி சித்தி: அதனாலதான் காலண்டர். தினமும் காலைல 8 மணிக்கு, அதே நாற்காலி, அதே லைட். காலண்டர்ல எந்த வரி வரைக்கும் படிக்கிறார்னு எழுதி வை. முத்துன புரைன்னா முதல் சில நாள் மங்கலாத்தான் இருக்கும், ஆனா தினம் கொஞ்சம் தெளியணும். ஒரு வரி குறைஞ்சாலும் போன்.

கவிதா: டாக்டர்கிட்ட பேசிட்டேன். டாம்சுலோசினை ஃபைல்ல சிவப்புல எழுதிட்டாங்க, மாத்திரைய நிறுத்த வேண்டாமாம். ஹூக், ரிங், மாத்து லென்ஸ் மூணும் எடுத்து வைக்கிறாங்களாம். கிளாக்கோமா சொட்டு ஆபரேஷன் அன்னைக்குக் காலைலயும் விடணும்.

முருகன் மாமா: அட்டவணைல முதல் வரியா அதைச் சேத்துடறேன்.